ஸ்கார்பரோ: ஒரு பெயர், இரு கரைகள்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், யார்க்ஷயர் மாவட்டத்தில், ஸ்கார்பரோ என்றொரு கடற்கரை நகரம் உண்டு. கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணி வட்டாரத்தில், ஸ்கார்பரோ என்றொரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. ஆங்கில எழுத்தில் தோட்டத்தின் பெயரில் இறுதி எழுத்துகள் சில குறைந்திருக்கும். தமிழ் நாவில் இரண்டும் ஒன்றே. முன்னது ஆங்கிலேயர் ஓய்வு தேடிச் சென்ற ஊர். பின்னது தமிழர் உழைப்புத் தேடி வந்த இடம். இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கடற்கரையில் ஒருநாள் களித்திருத்தல் என்னும் சிறிய செயலுக்குப் பின்னே எத்துணைப் பெரிய வரலாறு அடங்கியிருக்கிறது என்பது விளங்கும்.

நீர் மருந்தான கதை

யார்க்ஷயர் ஸ்கார்பரோ தொடக்கத்தில் மீனவர் ஊர். வணிகர் கூடும் துறை. 1253இல் மூன்றாம் ஹென்றி மன்னர் அங்கே ஆண்டுதோறும் 45 நாள் சந்தை நடத்த உரிமைப் பட்டயம் வழங்கினார். பிற்காலத்தில் நாட்டுப்பாடல் ஒன்றின் வழியே உலகறிந்த ஸ்கார்பரோச் சந்தை இதுவே. ஆனால் இன்று அவ்வூர் பெற்றிருக்கும் புகழ் சந்தையால் வந்ததன்று. 1626ஆம் ஆண்டளவில் எலிசபெத் பாரோ என்னும் பெண்மணி, கடலோரக் குன்றின் அடியில் ஊறிவந்த நீர் கற்களைச் செம்பழுப்பாக்குவதைக் கண்டார். சுவைத்துப் பார்த்தார். அந்நீருக்கு நோய் தீர்க்கும் இயல்புண்டு என்று கருதினார். செய்தி பரவியது. செல்வர்கள் நீரருந்த வந்தனர்.

அந்நூற்றாண்டின் பிற்பாதியில் ராபர்ட் விட்டி என்னும் மருத்துவர் ஊற்றுநீரின் பெருமையை நூலாக எழுதினார். கடல்நீரில் குளிப்பதும் உடலுக்கு நன்று என்றார். இவ்வாறு மருந்து ஊற்றிலிருந்து கடலுக்கு இறங்கியது. ஊற்றுநீர் இங்கிலாந்தின் வேறு ஊர்களிலும் கிடைத்தது. ஆனால் ஊற்றும் கடலும் ஓரிடத்தில் வாய்த்தது ஸ்கார்பரோவுக்குத் தனிச் சிறப்பாயிற்று. 1735ஆம் ஆண்டு ஜான் செட்டரிங்டன் வரைந்த ஓவியத்தில் அவ்வூர்க் கடலில் மக்கள் குளிப்பதையும், குளிப்போர் உடைமாற்றச் சக்கரம் வைத்த சிறு மரக்கூண்டு நீரோரம் நிற்பதையும் காணலாம். 1750இல் ரிச்சர்டு ரசல் என்னும் மருத்துவர் கடல்நீர் மருத்துவம் பற்றி நூல் வெளியிட, தெற்கே பிரைட்டன் நகரமும் இவ்வழியில் வளர்ந்தது. ஆங்கிலக் கடற்கரை நகரங்களின் பிறப்பு இதுவே.

கடலாடுதல் தமிழருக்குப் புதிதன்று

ஐரோப்பிய வரலாற்றாசிரியர்கள் கடற்கரைக் களிப்பின் பிறப்பை இந்த மருத்துவர்களிடமிருந்து தொடங்குவது வழக்கம். தமிழ் இலக்கியம் கற்றோர்க்கு இது வியப்பளிக்கும். சிலப்பதிகாரத்தில் ஒரு காதையின் பெயரே கடலாடு காதை. புகார் நகரில் இந்திர விழா முடிந்தபின், உவா நாளில், கோவலனும் மாதவியும் நகர மக்களோடு கடற்கரைக்குச் செல்கின்றனர். அக்கரையில் பிறந்த கானல்வரிப் பாட்டே அவர்கள் பிரிவுக்கும் காரணமாகிறது. அன்று கடற்கரை கூடாரங்களும் விளக்குகளும் நிறைந்த விழாக்களமாக இருந்ததை இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார்.

அதற்கும் முற்பட்ட பட்டினப்பாலை இன்னும் நுட்பமான செய்தியைத் தருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் பரதவர், முழுநிலா நாளில் மீன்பிடிக்கச் செல்வதில்லை. சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வம் பரவுகின்றனர், உண்டு மகிழ்கின்றனர். காவிரி கடலொடு கலக்கும் துறையில் கடலாடி, பின் நன்னீரில் உப்புப் போகக் குளிக்கின்றனர். நண்டை ஓட்டி விளையாடுகின்றனர்; அலையில் துள்ளுகின்றனர்; மணலில் பாவை செய்கின்றனர். இன்று எந்நாட்டுக் கடற்கரைக்குச் சென்றாலும் சிறுவர் செய்வது இவைதாமே!

இங்குக் கருதத்தக்கது ஒன்று. பட்டினப்பாலையில் கடற்கரையில் களிப்பவர் அரசரோ செல்வரோ அல்லர். நாள்தோறும் அக்கடலிலேயே உழைக்கும் பரதவர் அவர்கள். அவர்கள் களிப்பதற்குக் காரணம் அன்று வேலை இல்லை என்பதே. உழைப்புக்கு ஓர் இடைவெளி விழுந்தால்தான் கடல் விளையாட்டிடமாக மாறும். அவ்விடைவெளி இல்லையேல் அதே கடல் வேலைக்களமே.

அதே பட்டினப்பாலை, புகார்த் துறையில் வந்திறங்கிய பண்டங்களைச் சொல்லும்போது காழகத்திலிருந்து வந்த ஆக்கத்தையும் குறிக்கிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காழகம் என்பது கடாரம் என்று பொருள் எழுதினார். அக்கடாரமே இன்றைய கெடா என்பது பெரும்பாலோர் கொள்கை. உழைப்பவரின் ஓய்வு நாளைப் பாடிய பழம்பாட்டே கெடாவின் பெயரையும் சொல்கிறது.

இருப்புப்பாதை திறந்த கதவு

மீண்டும் யார்க்ஷயருக்கு வருவோமாயின், 18ஆம் நூற்றாண்டு முழுவதும் ஸ்கார்பரோ செல்வர் ஊராகவே இருந்தது. குதிரை வண்டியில் வந்து வாரக்கணக்கில் தங்கப் பொருள் உடையவர்க்கே அது எட்டியது. 1845இல் யார்க் நகரிலிருந்து ஸ்கார்பரோவுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன்பின் நிலைமை மாறியது. லீட்ஸ், பிராட்போர்டு முதலிய ஆலை நகரங்களிலிருந்து கம்பளித் தொழிலாளர் குறைந்த கட்டணத்தில் ஒருநாள் பயணமாக வந்து திரும்ப முடிந்தது. நாவலாசிரியை ஆன் பிராண்டி நோயுற்ற நிலையில் 1849இல் இவ்வூருக்கு வந்து, இங்கேயே உயிர்நீத்து, தூய மேரி தேவாலயத்தைச் சார்ந்த இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கடற்காற்று உயிரை மீட்கும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் எத்துணை வலுவாயிருந்தது என்பதற்கு அது சான்று.

1867இல் திறக்கப்பட்ட கிராண்டு ஓட்டல் அக்காலத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய விடுதிகளுள் ஒன்று. கத்பர்ட் பிராட்ரிக் என்னும் சிற்பி அதனை ஓராண்டின் கணக்கில் அமைத்தார் என்பர்: பருவங்களுக்கு நான்கு கோபுரங்கள், மாதங்களுக்குப் பன்னிரண்டு தளங்கள், வாரங்களுக்கு 52 புகைபோக்கிகள், நாட்களுக்கு 365 அறைகள். 1875இல் குன்றின் உச்சிக்கும் கடலோரத்துக்கும் இடையே நீராற்றலால் இயங்கும் சரிவு வண்டி ஏற்பட்டது. பிரிட்டனில் அத்தகையவற்றுள் அதுவே முதல்.

கட்டடங்களும் வண்டிகளும் மட்டும் தொழிலாளரைக் கரைக்குக் கொணர்ந்துவிடவில்லை. சட்டமும் வேண்டியிருந்தது. 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் பெண்களுக்கும் இளையோர்க்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு வேலை முடிய வழிசெய்தது. 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் பொது விடுமுறை நாட்களை வகுத்தது. லங்காஷயரில் ஆண்டுக்கு ஒரு வாரம் ஓர் ஊரின் ஆலைகள் அனைத்தும் ஒருசேர அடைக்கப்படும். ஊரே பெட்டிபடுக்கையுடன் பிளாக்பூல் கடற்கரைக்குக் கிளம்பும். அவ்வாரத்திற்குக் கூலி கிடையாது. ஆகவே தொழிலாளர் ஆண்டு முழுவதும் சங்கம் வைத்து வாரந்தோறும் சில்லறை சேர்த்து அச்செலவுக்கு வைத்துக்கொண்டனர். தோட்டத்துத் தமிழர் கூட்டுப் போட்டுப் பணம் சேர்த்த வழக்கத்தை அறிந்தோர்க்கு இது விளங்காத செய்தியன்று. 1894இல் பிளாக்பூலில் எழுந்த 158 மீட்டர் உயரக் கோபுரம், இவ்வாறு சேர்ந்த சில்லறையை நம்பிக் கட்டப்பட்டதே.

ஆக, கடற்கரை நகரத்தை உண்டாக்கியது கடலன்று. ஓய்வு நாள், கைக்காசு, மலிவான வண்டி ஆகிய மூன்றும் ஒன்றுகூடிய இடத்தில்தான் அது எழுந்தது.

கடாரத்துத் தோட்டங்கள்

இந்த மூன்றும் கெடாவின் தோட்டங்களில் எவ்வாறிருந்தன என்பதை அடுத்துக் காணவேண்டும்.

1909ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி கெடாவின் மீதான மேலுரிமையைச் சயாம் பிரிட்டனுக்கு மாற்றிக் கொடுத்தது. அதே காலத்தில் உலகில் மோட்டார் வண்டி பெருகியது. ரப்பருக்கு விலை ஏறியது. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், குவாலா கெட்டில் வட்டாரங்களில் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னால் அது பூமிசாத்திரப் பாடம்போல் ஒலிக்கும்: ஸ்கார்பரோ, ஹார்வார்டு, டப்ளின், பேடனாக், வெல்லெஸ்லி, விக்டோரியா, ஹென்ரியேட்டா, சோம். டப்ளின் அயர்லாந்தின் தலைநகர். பேடனாக் ஸ்காத்லாந்தின் மலைநாடு. சோம் முதல் உலகப்போரில் பெரும் உயிரிழப்பு நேர்ந்த பிரெஞ்சு ஆற்றங்கரை. தமக்குரிய நினைவுகளை வெள்ளையர் மரங்களுக்கிடையே நட்டுச் சென்றனர். அப்பெயர்களின் கீழ் உழைத்தவர்களோ தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள்.

அவர்கள் வந்த வழியும் கடல்வழியே. கங்காணி ஆள்சேர்க்க, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, பினாங்குத் துறைக்கு வந்தனர். 1926இல் கட்டப்பட்டுப் பல்லாண்டுகள் சென்னைக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய ரஜூலாக் கப்பலின் பெயர் பழைய குடும்பங்களில் இன்றும் வழங்குகிறது. வந்தவர்கள் பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் நோய்த்தடைக் காவலில் தங்கவேண்டியிருந்தது. கடற்கரை என்றதும் அவர்கள் நெஞ்சில் எழுந்தது மணலும் விளையாட்டும் அல்ல. மேல்தட்டு, வாந்தி, அம்மைக் கொட்டகை, விட்டுவந்த ஊர் ஆகியவையே.

தோட்டத்தில் நாள் விடியுமுன்னே தொடங்கும். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படும். இருள் விலகும் வேளையில் பால்மரத்தில் கத்தி வைக்கவேண்டும். வெயில் ஏறினால் பால் உறைந்துவிடும். மங்குகளில் வழிந்த பாலைச் சேர்த்து, காண்டா தூக்கி, ஸ்டோரில் அளந்து கொடுக்கவேண்டும். மழை பெய்தால் மரம் வெட்ட இயலாது. வெட்டு இல்லையேல் அந்நாளின் வருவாய்க்கு இடையூறு. வேலையில்லாத நாள் இவர்களுக்கு ஓய்வு நாளன்று, கூலியற்ற நாள். இங்கிலாந்துத் தொழிலாளர் மழையை வெறுத்தது கடற்கரைப் பயணம் கெடும் என்பதற்காக. தோட்டத் தொழிலாளர் மழையை அஞ்சியது அடுப்பு எரியாது என்பதற்காக.

துரைமாருக்கோ வேறு கணக்கு இருந்தது. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சம்பளத்துடன் பல மாத விடுமுறையில் தாயகம் சென்றுவரும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. இடையில் பினாங்குக் கொடிமலையோ கேமரன் மலையோ அவர்களுக்குக் குளிர்ச்சி தந்தது. 1923இல் பினாங்கு மலை இரயில் ஓடத் தொடங்கியதும் மேலே செல்வது எளிதாயிற்று. ஸ்கார்பரோத் தோட்டத்தின் பால் கப்பலேறிச் சென்றது. மேலாளர் கப்பலேறிச் சென்று திரும்பினார். பால் எடுத்தவர் மட்டும் லயத்தில் இருந்தார்.

அந்தப் பால் சென்ற இடத்தையும் கருதவேண்டும். இரு போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் ஆங்கிலத் தொழிலாளர் கடற்கரைக்கு இரயிலில் மட்டுமன்றிப் பேருந்துகளிலும் கூட்டங்கூட்டமாகச் சென்றனர். அப்பேருந்துகளின் டயர்கள், சிறுவர் எறிந்து விளையாடிய பந்துகள், குளிப்போரின் தலையுறைகள், மழைக்கு அணிந்த அங்கிகள் ஆகியவற்றுக்கெல்லாம் ரப்பர் வேண்டும். உலக ரப்பரில் பெரும்பங்கை அந்நாளில் மலாயாவே தந்தது. ஆங்கிலத் தொழிலாளரின் கடற்கரை நாளுக்குத் தமிழ்த் தொழிலாளரின் விடியற்காலை ஓர் அடிப்படை என்பது மிகையன்று.

1938: ஒரே ஆண்டு, இரு சட்டங்கள்

1938ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சம்பளத்துடன் கூடிய விடுமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. தொழிலாளர் ஓய்வெடுக்கும் வாரத்துக்கும் கூலி உண்டு என்னும் கருத்து அந்நாட்டில் சட்டத்தின் ஏற்பைப் பெற்றது.

அதே 1938இல், ஜூன் மாதத்தில், இந்திய அரசு மலாயாவுக்கு உதவிப்பணத்தில் தொழிலாளரை அனுப்புவதைத் தடைசெய்தது. அதற்கு முன் 1936-37இல் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயா வந்து தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து அறிக்கை தந்திருந்தார். கங்காணி வழி ஆள்சேர்ப்பு இனி வேண்டா என்பது அவர் கருத்துகளுள் ஒன்று. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது பல்லாயிரவர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டதையும், கூலி குறைக்கப்பட்டதையும் மக்கள் மறக்கவில்லை. ஒரு பேரரசின் இரு முனைகளில், ஒரே ஆண்டில், ஒருவர்க்கு ஓய்வு உரிமையாயிற்று. மற்றவர்க்கு விலை வீழ்ந்தால் விடைகொடுக்கும் முறை கேள்விக்கு உள்ளாயிற்று.

இரு இருப்புப்பாதைகள்

கெடாவிலும் இருப்புப்பாதை உண்டு. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வடக்கே சுங்கை பட்டாணி வழியாக அலோர் ஸ்டார் வரை 1915ஆம் ஆண்டளவில் பாதை எட்டியது. 1918இல் சயாம் எல்லையை அடைந்தது. பாதை இருந்தது, ஆனால் ஓய்வு நாளும் மிச்சக் காசும் இல்லாதவர்க்கு அது கடற்கரைப் பாதையாகவில்லை. தைப்பூசத்திற்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்குச் செல்வதே பலர்க்கு ஆண்டின் ஒரே வெளிப்பயணம்.

அவ்வாறன்றி வேறொரு பயணத்துக்கும் அந்த வடபாதை பயன்பட்டது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வண்டிகள் கெடா வழியே எல்லை கடந்தன. வாந்திபேதி, மலேரியா, பட்டினி, அடி ஆகியவற்றால் மாண்டவர் பல்லாயிரவர். 1845இல் திறந்த பாதை யார்க்ஷயர்த் தொழிலாளரைக் கடற்காற்றுக்குக் கொண்டுசென்றது. கெடாப் பாதையில் ஏற்றப்பட்ட தமிழரோ சாவுக் காட்டுக்குச் சென்றனர். ஒரு பாதை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதைத் தண்டவாளம் முடிவுசெய்வதில்லை. வண்டியில் ஏறுபவர் தம் விருப்பத்தில் ஏறுகிறாரா என்பதே முடிவுசெய்கிறது.

போரின் கொடுமை யார்க்ஷயர்க் கரையையும் விட்டுவைக்கவில்லை என்பதையும் சொல்லுதல் நேர்மை. 1914 டிசம்பர் 16ஆம் நாள் காலை ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் ஸ்கார்பரோவைக் குண்டுவீசித் தாக்கின. கிராண்டு ஓட்டலும் சேதமுற்றது. பொதுமக்கள் பலர் இறந்தனர். அந்த இழப்பை அந்நகரம் இன்றும் ஆண்டுக்கணக்கில் நினைவுகூர்கிறது. சயாம் பாதையில் மாண்ட தமிழரின் பெயர்கள் பெரும்பாலும் எந்தக் கல்லிலும் இல்லை.

ஓய்வுக்கான போராட்டம்

போர் முடிந்ததும் கெடாத் தோட்டங்களில் ஒரு விழிப்பு ஏற்பட்டது. 1946-47ஆம் ஆண்டுகளில் பீடோங்கை அடுத்த ஹார்வார்டுத் தோட்டத்தை நடுவிடமாகக் கொண்டு தொண்டர் படை இயக்கம் வளர்ந்தது. அதன் தலைவராக விளங்கியவர் ஏ. எம். சாமி. கள்ளுக்கடை மறியல் அவ்வியக்கத்தின் முதன்மையான பணி. இதனை வெறும் ஒழுக்கச் சீர்திருத்தமாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. மாலை வேளையில் தொழிலாளர் சென்று அமரத் தோட்டம் திறந்துவைத்த இடம் கள்ளுக்கடை ஒன்றே. கூலியாகக் கொடுத்த காசு அக்கடை வழியே திரும்பிப் போயிற்று. தமக்குரிய ஓய்வு வேளையைத் தாமே ஆளவேண்டும் என்ற எண்ணம் அம்மறியலில் அடங்கியிருந்தது. காவற்படையுடன் மோதலும் கைதுகளும் நேர்ந்து அவ்வியக்கம் அடக்கப்பட்டபோதிலும், அது எழுப்பிய கேள்வி அடங்கவில்லை.

1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளரானார். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதைச் சட்டவிதியாக்கியது. 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது.

அதன்பின்தான் தோட்டத்து மக்களுக்கும் கடற்கரை கிட்டியது. மெர்போக் ஆறு கடலில் விழும் முகத்தின் தென்புறத்தில் ஒரு மணற்கரை உண்டு. பந்தாய் மெர்டேக்கா என்பது அதன் பெயர். விடுதலைக் கடற்கரை என்பது அதற்குப் பொருள். ஆற்றின் வடபுறம் மீனவர் ஊராகிய தஞ்சோங் டாவாய். இரு கரைக்கும் இடையே படகு செல்லும். சுங்கை பட்டாணியிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர்தான். பள்ளி விடுமுறையில் லாரியிலும் பேருந்திலும், புளிச்சோறும் நாசி லெமாக்கும் கட்டிக்கொண்டு, தோட்டத்துக் குடும்பங்கள் இத்தகைய கரைகளுக்கு வரத் தொடங்கின. அங்கே கிராண்டு ஓட்டலும் இல்லை. சரிவு வண்டியும் இல்லை. சவுக்கு மரமும் மணலும் கடலும் இருந்தன. கப்பலில் வந்த பாட்டி கரையில் அமர்ந்து மேற்கே பார்த்திருக்க, பேரப்பிள்ளைகள் நண்டைத் துரத்தினர். பட்டினப்பாலைப் பரதவர் செய்ததும் இதுவே.

கால்கீழே கடாரம்

அக்கரையில் நின்று வடக்கே நோக்கினால் ஜெராய் மலை தெரியும். 1,217 மீட்டர் உயர்ந்த அம்மலையே பழங்காலத்தில் வங்கக்கடலைக் கடந்துவந்த கலங்களுக்கு வழிகாட்டி. மலையடியில் பூஜாங் பள்ளத்தாக்கு. சீனத்துறவி இ-சிங் ஏழாம் நூற்றாண்டில் இந்தியா செல்லும் வழியில் கெடாத் துறையில் தங்கினார். முதலாம் இராசராசன் காலத்தில் கடாரத்தரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்ததையும், அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் அளிக்கப்பட்டதையும் லெய்டன் பெரிய செப்பேடுகள் கூறும். 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரன் கடற்படை சென்று கடாரத்தை வென்றதை அவன் மெய்க்கீர்த்தி கூறும்.

கெடாவின் பழஞ்சின்னங்களைக் குவாரிச் வேல்ஸ் தம்பதியர் 1936-37இல் அகழ்ந்து ஆராய்ந்தனர். புக்கிட் பத்து பாகாட் கோயில் 1960ஆம் ஆண்டளவில் மீட்டமைக்கப்பட்டது. 2009 முதல் சுங்கை பத்துவில் நடந்த அகழாய்வுகள் பழைய இரும்புருக்கும் களங்களைக் காட்டின. இச்சின்னங்கள் பல தோட்டங்களுக்குள்ளேயே கிடைத்தன. ஆற்று மண் படிந்து கடல் பின்வாங்கியதால் அன்றைய துறைகள் இன்று உள்நாட்டில் கிடக்கின்றன. பால்மரத்தடியில் மங்கு வைத்த தமிழரின் காலடியில், தமிழர் கலங்கள் வந்தணைந்த துறையின் செங்கற்கள் புதைந்திருந்தன. அதனை அவர்க்கு எடுத்துச் சொன்னவர் அந்நாளில் மிகச் சிலரே.

கடல் எப்போதும் களிப்பைத் தருவதன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மெர்போக், மூடா ஆற்றுமுகங்களையும் தாக்கியது. கோத்தா குவாலா மூடாவில் வீடுகள் இடிந்தன, உயிர்கள் போயின. அன்று நாகப்பட்டினத்தை அழித்த அலையும் இதுவே. பழங்காலத்தில் கலங்களால் இணைந்திருந்த இரு கரைகளும் அன்று துயரால் இணைந்தன.

பெயரில் எஞ்சியிருப்பது

யார்க்ஷயர் ஸ்கார்பரோவின் பொற்காலமும் கழிந்தது. 1960களுக்குப்பின் மலிவான விமானப் பயணம் ஆங்கிலத் தொழிலாளரை ஸ்பெயினின் வெயில் கரைகளுக்கு ஈர்த்தது. பழைய விடுதிகள் பல மங்கின. ஆயினும் அந்நகரம் தன் கதையை நன்கு காத்துவைத்திருக்கிறது. ஊற்று எங்கிருந்தது, இரயில் என்று வந்தது, யார் எந்த வீட்டில் இறந்தார் என்பவை பலகைகளிலும் நூல்களிலும் பதிவாயுள்ளன. அக்கரைகளில் விற்கும் இனிப்புத் தண்டு ஒன்று உண்டு. எவ்விடத்தில் ஒடித்தாலும் உள்ளே ஊர்ப்பெயர் தெரியும்.

கெடாத் தோட்டங்களின் நிலை அத்தகையதன்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சுங்கை பட்டாணி நகரம் விரிய விரிய லயங்கள் இருந்த இடத்தில் தாமான்கள் எழுந்தன. தோட்டம் போனபின்னும் அதன் பெயரைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிதான். ஸ்கார்பரோ, ஹார்வார்டு, டப்ளின், சோம் என்னும் சொற்கள் இன்று கெடாவில் வழங்குவதற்குக் காரணம், அத்தோட்டப் பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளிகள் அப்பெயர்களைச் சுமந்ததே. வெள்ளையர் நட்ட பெயரைக் காத்துவைத்தது தமிழாசிரியரின் வருகைப் பதிவேடு!

சின்னம் அழிவது எளிது. 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கோயில் அடித்தளம் ஒன்று நில மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டது நாடறிந்த செய்தி. கல்லுக்கே அந்நிலை என்றால், கல்லில் பொறிக்கப்படாத தோட்ட வரலாறு எம்மட்டு? துரைமார் இட்ட பெயரோடு தொழிலாளர் தம் வாயில் வழங்கிய தமிழ்ப் பெயரும் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. முன்னது வரைபடத்தில் உள்ளது. பின்னது முதியோர் நாவில் மட்டும் உள்ளது. எந்த ஆண்டு எந்தக் குடும்பம் முதன்முதலாகக் கடற்கரைக்குச் சென்றது, எவர் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை என்பனவும் அங்கேயே உள்ளன.

ஒரு வகுப்புக்கு ஒரு பாடவேளை போதும். மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டனார் வேலைசெய்த தோட்டத்தின் இரு பெயர்களையும் கேட்டு எழுதிவந்தால், கெடாவின் தமிழர் வரைபடம் ஒன்று உருவாகிவிடும். ஸ்கார்பரோ என்றால் ஆங்கிலேயர் ஓய்வெடுத்த ஊர் என்று அகராதிகள் சொல்லும். அதுவே தமிழர் ஓய்வின்றி உழைத்து, பின்னர் ஓய்வை உரிமையாகப் பெற்ற இடத்தின் பெயருமாகும் என்பதை அவ்வரைபடம் சொல்லும்.